துணைவினை என்னும் பெயரும் ஆங்கில வினையமைப்பும்

ஒரு மொழியின் இலக்கணக் கூறுக்கு வேறொரு மொழியில் வழங்கும் பெயரைச் சூட்டும்போது, அப்பெயருக்குரிய பழைய பொருளும் உடன் வந்து சேர்ந்துவிடுவதுண்டு. ஆங்கிலத்தின் ‘ஒக்சிலரி’ வினைகளைத் துணைவினை என்று வழங்குவது அத்தகையதொரு பெயரீடாகும். முதல்வினைக்குத் துணையாய் நின்று அதன் பொருளைச் சிறப்பிப்பது துணைவினை என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். இவ்விளக்கம் தமிழுக்குப் பெரிதும் பொருந்தும். ஆங்கிலத்துக்கோ பாதியே பொருந்தும்.

தமிழில் ‘விடு’, ‘போடு’, ‘கொள்’, ‘தொலை’ முதலியன வினையெச்சத்தை அடுத்து நின்று துணைவினையாகின்றன. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்துவிட்டான்’ என்பதற்கும் இடையே செயல் நிறைவு பற்றிய வேறுபாடு உண்டு. ‘சொல்’ என்பது ஏவல். ‘சொல்லித் தொலை’ என்பதில் ஏவுவோனின் சலிப்பும் கேட்கின்றது. இவ்வினைகளை விரிவாக ஆராய்ந்த இ. அண்ணாமலையின் நூல் 1985 இல் வெளிவந்தது. இவற்றை நீக்கினும் வாக்கியம் குலைவதில்லை. பொருளின் நுட்பமே குறைகின்றது.

ஆங்கிலத்தின் நிலை வேறு. எளிய எடுத்துக்காட்டொன்றைக் கொள்ளலாம். 2023 செப்டெம்பர் 2 ஆம் திகதி பல்லேகல விளையாட்டரங்கில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய ஆசியக் கிண்ணப் போட்டி மழையாற் கைவிடப்பட்டது. அன்று பல்லேகலவில் மழை ‘பெய்தது’ என்பதை ஆங்கிலம் ‘இட் ரெய்ண்ட்’ என்னும். இங்குத் துணைவினை இல்லை. ‘பெய்ததா?’ என வினவுகையில் அது ‘டிட் இட் ரெய்ன்?’ என மாறுகின்றது. ‘பெய்யவில்லை’ என மறுக்கையில் ‘இட் டிட் நொட் ரெய்ன்’ என்றாகின்றது. ‘ஓம், பெய்தது’ என்ற விடைக்கு ‘யெஸ், இட் டிட்’ என்பதே போதும். ‘பெய்யத்தான் பெய்தது’ என வலியுறுத்தவும் ‘இட் டிட் ரெய்ன்’ என அதே சொல்லே அழுத்தம் பெற்று வருகின்றது.

இந்நான்கு இடங்களிலும் ‘டிட்’ என்பது ‘செய்தது’ எனப் பொருள்படவில்லை. காலத்தைத் தாங்குவதும், வினாவில் எழுவாய்க்கு முன் செல்வதும், எதிர்மறைச் சொல்லுக்கு இடமளிப்பதும், விடையில் முதல்வினைக்குப் பதிலாக நிற்பதுமே அதன் தொழில். தமிழ் இத்தொழில்களை வேறு வழிகளால் முடித்துக்கொள்கின்றது: வினாவுக்கு ‘ஆ’ என்னும் இடைச்சொல், மறுப்புக்கு ‘இல்லை’, விடைக்கு முதல்வினையே.

‘மே’, ‘மஸ்ட்’, ‘வில்’ போன்றவை பொருள் தருவன அல்லவா என்று கேட்கலாம். தருவனவே. ஆயினும் அவையும் மேற்கூறிய அமைப்புத் தொழிலைச் செய்கின்றன. ‘இட் வில் ரெய்ன்’ என்பதன் வினா ‘வில் இட் ரெய்ன்?’ என்பதே, அங்கு ‘டூ’ வேண்டுவதில்லை. வேறு துணைவினை இல்லாத விடத்து அவ்விடத்தை நிரப்ப வருவதே ‘டூ’. இவ்வழக்கு ஆங்கிலத்தின் தொன்மையான இயல்புமன்று. 15 ஆம் நூற்றாண்டு முதல் 17 ஆம் நூற்றாண்டு வரையான காலத்திற் படிப்படியாக நிலைபெற்றது. சொம்ஸ்கி 1957 இல் துணைவினையை வாக்கிய அமைப்பின் தனிக்கூறாக வைத்து விளக்கினார். குவேர்க் முதலியோரின் 1985 ஆம் ஆண்டுப் பேரிலக்கணம், வினாவிலும் மறுப்பிலும் முன்னிற்கும் துணைவினைக்கு ‘ஒப்பரேட்டர்’ எனத் தனிப்பெயரே இட்டது.

இவ்வேறுபாட்டை மறைப்பதால் இழப்பு மாணவருக்கே. தமிழ்வழி பயின்ற மாணவர் ‘யூ ஆர் கம்மிங்?’ எனக் குரலை மட்டும் உயர்த்தி வினவுவதையும், எல்லா வாக்கியங்களின் இறுதியிலும் ‘நோ?’ என்றே சேர்ப்பதையும் கவனக்குறைவு எனத் தள்ளிவிடல் தகாது. ‘வருகிறீர்களா’, ‘இல்லையா’ என்னும் தமிழமைப்பு அங்கே தொழிற்படுகின்றது. ‘இல்லையா’ எல்லா வாக்கியத்துக்கும் மாறாது நிற்பது. ஆங்கிலத்திலோ முன்வந்த துணைவினைக்கேற்ப அது ‘டிடின்ட் இட்?’ எனவும் ‘வோன்ட் இட்?’ எனவும் மாறவேண்டும்.

தமிழ் எப்பொழுதும் தடையாயிருப்பதில்லை என்பதும் நோக்கற்பாலது. ‘டிட் நொட் ரெய்ண்ட்’ என எழுதும் மாணவனுக்குப் ‘பெய்யவில்லை’ என்ற தமிழ்ச் சொல்லைக் காட்டலாம். ‘பெய்ததில்லை’ என்பது வேறு பொருள் தருவது. அன்றைய மழையை மறுக்க அவன் ‘பெய்ய’ எனக் காலங்காட்டாத எச்சத்தையே இயல்பாக ஆள்கின்றான். ஆங்கில முதல்வினையும் அவ்வாறே காலமிழந்து நிற்கின்றது. தமிழ் ‘இல்லை’ காலங்காட்டாது, ‘டிட்’ காட்டும் என்ற ஒரு வேற்றுமையை மட்டும் சேர்த்துரைத்தாற் போதும்.

தாய்மொழிவழிக் கல்வி ஆங்கில அறிவைக் குறைத்துவிட்டதென்ற குற்றச்சாட்டு இந்நாட்டில் அடிக்கடி எழுகின்றது. தாய்மொழியின் இலக்கணத்தைத் துணைகொண்டு ஆங்கிலம் முறையாகக் கற்பிக்கப்பட்டதா என்பது அதற்கு முன் எழவேண்டிய வினா. துணைவினை என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதனை மாற்றவேண்டியதில்லை. ஆனால் அதன் கீழே இரு மொழிகளுக்கும் இரு வேறு விளக்கங்கள் எழுதப்படல் வேண்டும். அவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்கும் மாணவன் ஆங்கிலத்தோடு தன் தமிழையும் புதிதாய் அறிவான்.