குட்டைப் பித்தளையின் கழுத்தழகு

6 பி.பி.சி. தோட்டா ஒன்றை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, அவசரப்படாமல் பாருங்கள். ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஒரு பித்தளைக் கூடு. அகன்ற அடி. மேலே போகப் போக ஒடுங்க மறுக்கும், ஏறக்குறைய நேரான திரண்ட உடல். 30 பாகையில் சட்டென்று மடங்கும் தோள். அந்தத் தோளிலிருந்து எழுகிற மெல்லிய குறுங்கழுத்து. அதன் வாயில் செம்பு நிறத்தில் கூர்நுனிக் குண்டு. பெருவேட்டைத் தோட்டாக்களின் நெடுமை இதில் இல்லை. குட்டையாக, கட்டுடலோடு, தன் அளவு தனக்குத் தெரிந்த நிறைவோடு நிற்கிறது. துப்பாக்கித் தோட்டாக்களில் வடிவழகு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இது பிறந்தபோது எந்தத் தொழிற்சாலையும் இதைப் பெட்டியில் அடைத்து விற்கவில்லை. ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் கூட்டை எடுத்து, விரித்து, செதுக்கி, புது உருவம் கொடுத்து ஆர்வலர்கள் தாங்களே ஆக்கிக்கொள்ளும் தோட்டாக்களை வைல்ட்கேட் என்பார்கள். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் லூயி பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற கருவி வினைஞரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். பெயரிலுள்ள இரண்டு ‘பி’யும் அவர்கள் இருவரே. இலக்கு ஒன்றுதான்: பெஞ்ச்ரெஸ்ட். துப்பாக்கியை மேசையில் மணல் பைகள்மேல் கிடத்தி, 100, 200 கஜத் தொலைவில் ஐந்து குண்டுகளையும் ஒரே துளையில் செலுத்த முயலும் போட்டி அது. அதுவரை அந்தக் களத்தை ஆண்டது, மைக் வாக்கர் வடிவமைத்து 1950-இல் வெளிவந்த .222 ரெமிங்டன்.

இவர்கள் தேர்ந்தெடுத்த தாய்க்கூடு .220 ரஷ்யன். அதற்கும் மூத்தது, கலாஷ்னிகோவ் துப்பாக்கி உலகெங்கும் கொண்டுபோன 7.62×39 தோட்டா. போர்க்களத்துச் சேற்றிலும் பனியிலும் பிசகாமல் வேலை செய்யப் பிறந்த முரட்டு வம்சத்தில், தூசு பட்டாலும் பொறுக்காத இந்த நுட்பப் பேத்தி! அதன் அடியிலுள்ள கேப்புக் குழியைப் பாருங்கள். சிறிய கேப்பு, அதிலிருந்து மருந்துக்குத் தீ போகும் துளையோ ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர்தான். சாதாரணத் தோட்டாக்களில் இது 2 மில்லிமீட்டர் இருக்கும். சிறு பொறி, குட்டையாகவும் அகலமாகவும் திரண்டிருக்கும் மருந்து, அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக எரியும் தீ என்பது அவர்கள் கணக்கு. இலக்குத் தாள்கள் அந்தக் கணக்குக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லிவந்திருக்கின்றன.

இனி கழுத்து. என்னைக் கேட்டால் முழுக் கலையும் இங்கேதான் குடியிருக்கிறது.

.22 அளவில் இருக்கும் கழுத்தை முதலில் எஃகுத் தண்டின்மேல் ஏற்றி 6 மில்லிமீட்டர் குண்டுக்கு விரிக்கிறார்கள். பிறகு சிறு வெட்டுக் கருவிக்குள் கூட்டைச் செருகி, கழுத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிச் சுற்றிச் சீவுகிறார்கள். பொன்னிழை போலப் பித்தளைச் சுருள் உதிர்கிறது. நின்று மைக்ரோமீட்டரில் அளந்து, மறுபடியும் சீவுகிறார்கள். கடைசியில் கழுத்தின் சுவர் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டரைப் பங்கு, ஏறத்தாழ 0.22 மில்லிமீட்டர், சுற்றிலும் ஒரே கனமாக வந்து நிற்கும். துப்பாக்கியின் அறையில் கழுத்துக்கென விட்ட இடம் 0.262 அங்குலம். குண்டு அமர்ந்த கழுத்தின் விட்டம் 0.260. பக்கத்துக்கு மிஞ்சும் இடைவெளி, எழுதும் தாளின் தடிமனில் கால் பங்கு. குண்டு விடுபடக் கழுத்து விரிய வேண்டும். அதற்குத் தேவையான இடம் மட்டும் உண்டு, குண்டு சாய்ந்து படுக்க இடம் இல்லை. எவ்வளவு அளவறிந்த தாராளம்!

இந்த நுணுக்கத்தின் விளைவு இன்னும் அழகானது. இந்தக் கூடு இனி இந்த ஒரு துப்பாக்கிக்கே சொந்தம். கழுத்துத் தடித்த வேறொரு தோட்டாவை இந்த அறைக்குள் திணித்தால் குண்டு விடுபட வழியின்றி அழுத்தம் ஆபத்தாக ஏறும். அதனால்தான் துப்பாக்கி வினைஞர் அந்த 262 என்ற எண்ணைக் குழலின்மேலேயே பொறித்துவைக்கிறார். பின்னாளில் சாக்கோ நிறுவனம் ஆயத்தத் தோட்டாவாகவே இதை விற்க முன்வந்தது. ஆனாலும் போட்டியாளர்கள் .220 ரஷ்யன் கூட்டை வாங்கித் தம் கையால் கழுத்துச் சீவுவதை விடவில்லை. விடாதது சரிதான் என்பேன்.

முதல் வெடியில் நடப்பது ஒரு சிறு அற்புதம். பழைய சரிவுத் தோளோடு உள்ளே போன கூடு, உள்ளிருந்து எழும் அழுத்தத்தில் அறையின் சுவரோடு போய் ஒட்டி, அதன் ஒவ்வொரு வளைவையும் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. வெளியே எடுத்தால் கூர்மையான 30 பாகைத் தோளோடு புதிதாகப் பிறந்து வருகிறது. நூற்றில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளைக்கு விரியும் இளக்கமும் உண்டு, மயிரிழை பின்வாங்கும் மீள்தன்மையும் உண்டு. விரிவதால் வாயு பின்னால் கசியாது. பின்வாங்குவதால் கூடு இலகுவாக வெளியே வரும். ஒரு போட்டி முழுவதையும் இப்படிப்பட்ட ஒன்றிரண்டு டஜன் கூடுகளே மாறி மாறிச் சுமந்துவிடும்.

இந்தக் கூட்டுக்கு வீடு கட்டும் வினைஞரின் பொறுமையையும் சொல்ல வேண்டும். நீளத் துளையிட்ட எந்தக் குழலின் துளையும் முழு நேர்கோடு இல்லை. உள்ளே எங்கோ மெல்லிய வளைவு இருக்கும். அவர் குழலின் வெளித்தோற்றத்தை நம்புவதில்லை. லேத்தில் பூட்டி, டயல் கேஜின் முள்ளைத் துளைக்குள்ளேயே தொடவிட்டு, முள்ளின் அசைவு அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்காக அடங்கும்வரை திருகுகளைத் தளர்த்தியும் இறுக்கியும் நிற்கிறார். அதன் பிறகே அறையைக் குடையும் ரீமரைக் கையில் எடுப்பார். அவருக்கு முன்பே குழல் செய்தவர், உருக்கிய ஈயத்தைத் துளைக்குள் ஊற்றி அச்சாக்கி, அதில் தேய்ப்புத் தூளைப் பூசி, முன்னும் பின்னும் கையால் தள்ளி இழுத்து உட்சுவரைப் பளிங்காக்கியிருப்பார். இறுக்கம் எங்கே, தளர்வு எங்கே என்பதை அப்போது சொல்வது கண்ணல்ல, உள்ளங்கை.

குழலின் வரிகள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத் திரும்புகின்றன. 21 அங்குலக் குழலுக்குள் குண்டு சுழல்வது ஒன்றரைச் சுற்று மட்டுமே. ஆனால் விநாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது அதன் சுழற்சி விநாடிக்கு 2,800-ஐ எட்டுகிறது. 68 கிரெய்ன், அதாவது நாலரைக் கிராம்கூட இல்லாத ஒரு குண்டு.

தோட்டா அடைக்கும் மேசையும் இந்தப் போட்டியில் சுடுகளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு சுற்றுகளுக்கு இடையே, சுட்ட கூட்டையே சீர்செய்து, புதுக் கேப்பு வைத்து, மருந்தளக்கும் கருவியின் பிடியை ஒரே சீரான கைவீச்சில் திருப்பி, சின்ன ஆர்பர் பிரஸ்ஸில் குண்டை அமர்த்துகிறார்கள். குண்டு கழுத்துக்குள் இறங்கும் இறுக்கத்தை நெம்புகோல் வழியே விரல்கள் உணர்கின்றன. ஒன்று மட்டும் வேறு மாதிரி இறங்கினால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். மருந்துக்கும் காலைக் குளிர்ச்சிக்கு ஒரு அளவு, வெயில் ஏறியதும் இன்னொரு அளவு. களத்தில் வரிசையாக நட்ட காற்றுக் கொடிகளைப் படிப்பது இன்னொரு பெருங்கலை. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

கடைசியாக அந்த இலக்குத் தாள். ஐந்து குண்டுகள் போன இடத்தில் ஒரே துளை, ஓரம் சற்றே பிசிறியபடி. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து குண்டின் விட்டத்தைக் கழிக்கிறார்கள். 100 கஜத்தில் மிஞ்சுவது பல சமயம் கால் அங்குலத்துக்கும் கீழே. உண்மையிலேயே ஐந்தும் அதற்குள்தான் போயினவா என்ற கேள்வி எழும் அல்லவா? அதற்காக இலக்குக்குப் பின்னால் ஒரு காகிதப் பட்டையை மெதுவாக நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். முன்தாளில் ஒன்றாகிவிட்ட ஐந்தும் பின்பட்டையில் தனித்தனியே விழும். நடுவர்கள் எண்ணுவது அந்தப் பட்டையைத்தான்.