சட்டையைப் பார்த்து ஆளை முடிவு செய்யலாமா?

வாந்திபேதிக்குக் காரணமான ‘விப்ரியோ காலரே’ என்னும் நுண்ணுயிரில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் ‘ஓ1’ என்ற வகை மட்டுமே கொள்ளைநோயைப் பரப்பும் என்று நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. கிருமியை ஓ1க்கென்று தயாரித்த சீரத்துடன் கலப்பார்கள். ஒட்டித் திரண்டால் காலரா. திரளாவிட்டால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை என்று கொள்வார்கள். இந்த விதி 1992 அக்டோபரில் சென்னையில் பொய்த்தது.

சென்னையில் தொடங்கி வேலூர், மதுரை, கல்கத்தா, வங்கதேசம் என்று பரவிய அந்தக் கொள்ளைநோயின் கிருமி ஓ1 சீரத்தில் திரளவில்லை. அதற்கு ஓ139 என்று எண்ணிட்டு, ‘வங்காளம்’ என்று பெயரும் சூட்டினார்கள். வங்காள விரிகுடாக் கரையோரம் பரவியதால் இப்பெயராம். முதலில் கண்ட ஊர் சென்னையாயிற்றே என்று கேட்கத் தோன்றுகிறது, அது கிடக்கட்டும்.

பிழை எங்கே நேர்ந்தது? சீரம் அடையாளம் காண்பது கிருமியின் மேற்சட்டையை மட்டுமே. கிருமியின் வெளிச்சவ்வில் கொழுப்பு பதிந்திருக்க, அதிலிருந்து சர்க்கரைச் சங்கிலி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. லிப்போபாலிசாக்கரைடு என்பது இதுவே. ‘ஓ’ எண் அச்சங்கிலியின் வெளிப்பகுதியைக் குறிப்பது. ஆனால் பேதியை உண்டாக்குவது இச்சட்டை அன்று. கிருமி சுரக்கும் புரத நஞ்சு. கிருமிகளை நீக்கிய வடிநீரே முயலின் குடலில் நீரைப் பெருக்கும் என்று 1959இலேயே கல்கத்தாவில் சம்புநாத் டே காட்டிவிட்டார்.

நஞ்சுக்குரிய ஜீன்கள் ஓரிடத்தில். சங்கிலியைக் கட்டும் ஜீன்கள் வேறிடத்தில். பாதரசத்தின் உயரத்தைக் கொண்டு வெப்பநிலையைச் சொல்கிறோம் என்றால், இரண்டுக்கும் மாறாத தொடர்பு உண்டு. சட்டைக்கும் நஞ்சுக்கும் அத்தகைய தொடர்பு இல்லை. ஓ1 சட்டை இருந்தும் நஞ்சு ஜீன் இல்லாத கிருமிகள் நீர்நிலைகளில் வாழ்கின்றன. சேர்ந்து காணப்பட்டதையே காரணமாகக் கொண்டது, இயற்பியல் கற்பிக்கும் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

ஓ139ஐ ‘புதிதாய்ப் பிறந்த கிருமி’ என்பதும் சரியன்று. அது 1961இல் தொடங்கிய ஏழாவது உலகக் கொள்ளைநோயின் ‘எல் டோர்’ கிருமியே. சங்கிலி கட்டும் ஜீன் தொகுதி, சுமார் 22,000 கார இணைகள் நீளமுள்ளது, நீங்கி, அவ்விடத்தில் சுமார் 35,000 கார இணைகளுள்ள வேறு தொகுதி வந்து அமர்ந்தது. நஞ்சு ஜீன்கள் அப்படியே இருந்தன.

இது எப்படி இயலும்? நம் புதுச்சேரிக் கரையில் குவிந்து கிடக்கும் இறால் ஓடு, நண்டு ஓடு ஆகியவற்றில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதன்மேல் வாழும்போது இக்கிருமி பிற கிருமிகளின் டி.என்.ஏ.யை உட்கொள்ளும். இவ்வாறு ஓ1 கிருமி ஓ139ஆக மாறுவதை 2007இல் ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். 1992இல் நடந்தது இதுதான் என்பதற்கு அது சான்றாகாது. நடக்கக்கூடும் என்பதற்குச் சான்று.

ஆயினும் பழைய வகைப்பாட்டை வீண் என்று தள்ளிவிட முடியாது. நம் உடலின் எதிர்ப்பொருள்கள் முக்கியமாக அறிந்துகொள்வதும் அச்சட்டையைத்தான். ஓ1க்குப் பழகியிருந்த பெரியவர்களே அம்முறை பெருமளவில் நோயுற்றதற்குக் காரணம் இது. 2009இல் இந்தியாவில் அனுமதி பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில் ஓ1, ஓ139 இரண்டையும் சேர்த்தார்கள். அதற்குள் ஓ139 அருகிப்போய், ஓ1 எல் டோரே மீண்டும் முதலிடத்தைப் பிடித்திருந்தது.