ஜே டில்லாவின் தாளக்கலை: ஒரு திறனாய்வு

தாளம் ஓர் ஒழுங்கு. அதனின்று வழுவுதல் குற்றம். இசை பயில்வோர் எவர்க்கும் முதற்கண் கற்பிக்கப்படும் பாடம் இதுவே. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் பிறந்து, 2006ஆம் ஆண்டு தம் 32ஆம் பிறந்த நாளுக்கு மூன்று நாள் கழித்து மறைந்த ஜேம்ஸ் டெவிட் யான்சி என்பார் இப்பாடத்தையே ஐயுற வைத்தவர். ஜே டில்லா என்னும் பெயரால் அறியப்படும் இவர் ஹிப் ஹாப் இசைத் தயாரிப்பாளர். வணிக வெளிச்சத்திற்கு அப்பால், அடித்தள இசைக் குழுக்களிடையே வளர்ந்தவர்.

ஹிப் ஹாப் தயாரிப்பாளர் பழைய இசைத்தட்டுகளிலிருந்து சில நொடித் துணுக்குகளை எடுத்துக் கருவியில் பதித்து, வெட்டி, இடம் மாற்றி, அடுக்கிப் புதிய இசையொன்றை ஆக்குகிறார். சொல்லிசைஞர் அதன்மீது தம் சொற்களை ஏற்றுவார். இஃது இரவல் இசை, ஏன், களவே என்பாரும் உளர். அக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. துணுக்கை அப்படியே சுழலவிட்டுப் பொருள் ஈட்டியோர் பலர். ஆயினும், டில்லாவின் 'டோன்ட் க்ரை' என்னும் ஆக்கத்தைக் கேட்போர் வேறொரு முடிவுக்கு வருவர். அதன் முற்பகுதியில் 'எஸ்கார்ட்ஸ்' குழுவினரின் பழம்பாட்டு ஏறத்தாழ மூல வடிவிலேயே ஒலிக்கிறது. பிற்பகுதியில் அதே பாட்டு அசை அசையாகத் துண்டிக்கப்பட்டு வேறு வரிசையில் கோக்கப்படுகிறது. மூலத்தை முன்வைத்து, தாம் அதற்குச் செய்தது யாது என்பதைக் கேட்போர் காதுக்கே காட்டிவிடுகிறார் டில்லா. களவாடுவோன் பொருளுக்குரியவன் பெயரை வாயிலில் எழுதி வைப்பதில்லை!

இனி, தாளத்திற்கு வருவோம். டில்லா கையாண்ட கருவிகளுள் தலையாயது அக்காய் நிறுவனத்தின் எம்.பி.சி. 3000. விரலால் தட்டுவதற்கு 16 சதுரப் பட்டைகள் கொண்ட அக்கருவி, தாளத்தின் ஓர் அடியை 96 நுண்கூறுகளாகப் பகுக்கிறது. தட்டும் விரல் சற்றே முந்தினாலும் பிந்தினாலும் ஒலியை உரிய இடத்திற்கு நகர்த்தித் திருத்திக் கொள்ளும் வசதியும் அதில் உண்டு. 1990களின் தயாரிப்பாளர் பலரும் அத்திருத்தத்தை நம்பியே இயங்கினர். டில்லாவின் தாளமோ தள்ளாடுவது போன்றிருந்தது. அதை முதன்முதல் கேட்ட பறைக்கலைஞர் குவெஸ்ட்லவ், குடிபோதையிலுள்ள மூன்று வயதுக் குழந்தை அடித்தது போன்றது அது என்று வியந்து கூறியுள்ளார். 'திருத்தும் வசதியை அணைத்துவிட்டார். அவ்வளவே' என்னும் விளக்கம் நெடுங்காலம் வழங்கி வந்தது.

இவ்விளக்கம் கலைஞனைப் புகழ்வது போலத் தோன்றினும், உண்மையில் அவனைச் சிறுமைப்படுத்துகிறது. திட்டமிட்டு ஆக்கியதைத் தற்செயலாக்கிவிடுகிறது. 2022இல் வெளிவந்த 'டில்லா டைம்' என்னும் நூலில் டான் சார்னஸ் இதனை மறுத்துள்ளார். ஓர் ஒலியை இம்மியும் பிசகாமல் நேர்க்கோட்டில் நிறுத்தி, மற்றொன்றைச் சில நுண்கூறுகள் முன்னே தள்ளி, இன்னொன்றை ஊசலாட விட்டு, மூன்றையும் ஒருங்கே ஒலிக்கச் செய்வது டில்லாவின் முறை. ஒன்று முந்துவதால் மற்றொன்று பிந்துவதாகச் செவி மயங்குகிறது. நம் இசையிலும் தாளத்திற்கு முன்னே எடுக்கும் அதீதமும் பின்னே எடுக்கும் அநாகதமும் உண்டு. ஆனால், அங்கே முழுப் பாட்டும் ஒரே அளவில் விலகி நிற்கிறது. டில்லாவிடமோ ஒரே பாட்டிற்குள் மூவகைக் காலம் நடைபோடுகிறது. குற்றியலுகரத்தின் அரை மாத்திரையைச் செவியால் அளந்து பழகிய தமிழ் மாணவர்க்கு இந்நுட்பம் எளிதில் புலப்படும்.

இத்தகையவர் பெயர் நெடுங்காலம் பரவலாக அறியப்படாதிருந்தது. 1995இல் 'ஃபார்சைட்' குழுவிற்கு 'ரன்னின்' என்னும் பாட்டை அமைத்தார். 1996இல் 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' குழுவிற்கு இசை தந்தபோது 'உம்மா' என்னும் கூட்டுப் பெயருக்குள் மறைந்து நின்றார். 2000ஆம் ஆண்டில் அவருடைய 'ஸ்லம் வில்லேஜ்' குழுவின் 'ஃபன்டாஸ்டிக்' இரண்டாம் தொகுதி வெளிவந்தது. குறையும் சொல்ல வேண்டும். அவர் தாமே பாடிய சொல்லிசையில் பொருட்செருக்கும் பெண்களைப் பற்றிய மலிந்த பேச்சும் மிகுதி. தாளத்தில் அத்துணை நுட்பம் காட்டியவர், சொல்லைத் தேர்வதில் சிறிதும் முயன்றாரில்லை. அவர் தாளத்தின்மீது பிறர் பாடியவையே நிலைத்து நிற்கின்றன.

சொல்லே வேண்டாத ஆக்கம் ஒன்றும் உண்டு. 31 சிறு கூறுகள் கொண்ட 'டோனட்ஸ்' தொகுப்பு அவருடைய இறுதிப் பிறந்த நாளன்றே வெளியிடப்பட்டது. இரத்த நோயாலும் லூபஸ் நோயாலும் வாடி, மருத்துவமனைக் கட்டிலிலேயே இதனை முழுவதும் ஆக்கினார் என்றொரு கதை வழங்குகிறது. உருக்கமான கதைதான், எனினும், முன்பே அவர் தொகுத்திருந்த இசைக்கோவையொன்றே இதற்கு அடிப்படை என்பதையும், அதனை முழு அளவிற்கு நீட்டுவதில் பதிப்பகத்தைச் சேர்ந்த ஜெஃப் ஜேங்கிற்குப் பங்குண்டு என்பதையும் சார்னஸ் எடுத்துக்காட்டுகிறார். நோயின்மீது இரங்கிக் கேட்பவர் இசையைக் கேட்கத் தவறிவிடுவர்.

அத்தொகுப்பின் முதற்கூறு 'முடிவுரை' என்று பெயர் பெற்றுள்ளது. இறுதிக்கூறோ 'நிகழ்ச்சிக்கு வருக' என அழைக்கிறது. அவ்விறுதியின் ஒலி அறுந்து நிற்குமிடத்தில் முதற்கூற்றின் ஒலி வந்து பொருந்துகிறது. ஈறும் முதலும் இணைந்து மண்டலித்து வரும் அந்தாதியைப் போல, முடித்த இடத்திலிருந்து மீண்டும் கேட்கத் தொடங்கலாம்.