ஆயி அகழாய்வும் ஜோசப் கேலவேயின் கருத்து மாற்றமும்

ஆயி நகர் போரில் எரிக்கப்பட்டதென யோசுவா நூல் கூறுகிறது. அந்நகரென்று பெரும்பாலோர் கொள்ளும் எத்-தெல் மேட்டை, அமெரிக்காவின் லூயிவில் நகரப் பாப்திஸ்து இறையியல் கல்லூரிப் பேராசிரியர் ஜோசப் கேலவே 1964 முதல் அகழ்ந்தார். ஏறத்தாழ கி.மு. 2400 முதல் 1200 வரை அங்குக் குடியிருப்பே இல்லை. இவ்விடைவெளியை 1933-35இல் அகழ்ந்த ஜூடித் மார்க்கே-க்ரௌஸ் முன்னரே கண்டிருந்தார். எனினும் 1968இல் கேலவே, வீழ்ந்தது பின்னெழுந்த இரும்புக்காலச் சிற்றூரே என வாதிட்டார். பன்னீராயிரம் பேர் மடிந்ததாகப் பனுவல் சொல்லும் நகரை மதிலற்ற ஒரு சிற்றூரில் காண்பது, மண்ணடுக்கைப் பனுவலுக்கு வளைப்பதே. இவ்வாதத்தை அவரே பின்னர் கைவிட்டார். அதன்பின் அச்சிற்றூரைப் பற்றி எழுதியவையே அவர் பணியில் வலுவானவை. தூண் வீடுகள், பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகள், படிக்கட்டு வயல்கள் ஆகியவற்றைக் கொண்டு, குடியேறியோர் பாலைநில நாடோடிகள் அல்லர், வேளாண்மையை முன்பே அறிந்தோர் என்றார்.