நாக்கைப் பார்ப்பதா, பால் குடிப்பதைப் பார்ப்பதா?

பிறந்த பிள்ளையின் வாயைத் திறந்து பார்ப்பது விருதுநகர் மாவட்டத்து நாரணாபுரம் பக்கம் என்றைக்கும் உள்ள வழக்கம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சுட்ட வசம்பை உரசி நாக்கில் தடவினால் பேச்சு தெளியும் என்பார்கள். இப்போது அதே வாய்க்குள் புதிதாக ஒரு கவலை புகுந்திருக்கிறது. "நாக்கு அடியில ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டா சரியாயிரும்" என்று இளம் தாய்மார்களின் கைப்பேசிக்கு வரும் காணொளிகள் சொல்கின்றன. சில காணொளிகள் மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் மடிப்பையும் சேர்த்து வெட்டச் சொல்கின்றன. பால் குடிக்காவிட்டாலும் அதுதான் காரணம், இரண்டு வயதில் பேச்சு வராவிட்டாலும் அதுதான் காரணம் என்றாகிவிட்டது.

அந்த வெட்டு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சில குழந்தைகளுக்கும் அவர்களுடைய தாய்மாருக்கும் அது உண்மையான விடுதலை. ஆனால் நாக்கு எப்படித் தோன்றுகிறது என்பதை வைத்து முடிவெடுக்கிற வழக்கம் தவறு. நாக்கு தன் வேலையைச் செய்கிறதா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய மடிப்பு எல்லாருக்கும் உண்டு. சிலருக்கு அது குட்டையாகவோ தடித்தோ நாக்கு நுனிவரை நீண்டோ இருக்கும். பிள்ளை அழும்போது நுனி மேலே எழாமல் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிரிந்ததுபோலத் தெரியும். பால் குடிக்கையில் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி நீண்டு மார்பைக் கிண்ணம்போல ஏந்த வேண்டும். பிறகு நாக்கின் நடுப்பகுதி கீழிறங்க, வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் வருகிறது. ஆஸ்திரேலியாவில் டோனா கெட்ஸ் குழுவினர் 2008-இல் அல்ட்ராசவுண்ட் வழியாக இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். நாக்கு நீள முடியாத பிள்ளை மார்பை ஏந்துவதற்குப் பதிலாகக் காம்பை மட்டும் ஈறால் கடித்துப் பிடிக்கும். ஒவ்வொரு உறிஞ்சலிலும் பிடி நழுவி 'டொக்' என்று சத்தம் வரும். அரைமணி நேரம் குடித்தும் பிள்ளை பசியோடு அழும். தாய்க்குக் காம்பு வெடித்து ரத்தம் கசியும், பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பாலூட்டும் பெண்ணிடம் "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிரும்" என்பது கொடுமை. அவளுக்கு அந்த வலி இயல்பானதல்ல.

இப்படிப்பட்ட தாய்க்கும் பிள்ளைக்கும் வெட்டு உதவுகிறது. மடிப்பு மெல்லியதாக இருந்தால் கத்தரியால் ஒரு நொடி வேலை. ஓரிரு சொட்டு ரத்தம் வரும், பிள்ளையை உடனே மார்பில் போட்டுவிடலாம். 2017-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஐந்து சோதனைகளில் இடம்பெற்ற 302 குழந்தைகளைப் பார்த்தது. தாயின் காம்பு வலி குறுகிய காலத்தில் குறைகிறது என்று கண்டது. பெரிய ஆபத்து எதுவும் பதிவாகவில்லை.

அதே தொகுப்பு சொன்ன இன்னொரு செய்தி காணொளிகளில் வருவதில்லை. பிள்ளை பால் குடிக்கும் திறன் எல்லாச் சோதனைகளிலும் ஒரேபோல் மேம்பட்டதாகத் தெரியவில்லை. நீண்ட காலப் பலனை எந்தச் சோதனையும் தொடர்ந்து பார்க்கவில்லை. பின்னர் பிரிட்டனில் 870 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்ட ஒரு சோதனை 169 பேரோடு நின்றுபோனது. மூன்று மாத முடிவில் வெட்டிய குழுவிலும் வெட்டாமல் உதவி மட்டும் தருவதாக இருந்த குழுவிலும் தாய்ப்பால் தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய சமம். ஆனால் இரண்டாம் குழுவிலேயே முக்கால்வாசிப் பேர் பொறுக்க முடியாமல் வெட்டிக்கொண்டுவிட்டார்கள். அதனால் அந்தச் சோதனையை வைத்து வெட்டு வீண் என்றும் சொல்ல முடியாது, கட்டாயம் என்றும் சொல்ல முடியாது. தவித்துப்போன பெற்றோரைக் காத்திருக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டிவிட்டது.

தோற்றத்தை மட்டும் பார்த்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே மருத்துவமனைப் பதிவுகளில் நாக்கு ஒட்டு என்று குறிக்கப்பட்ட குழந்தைகள் 1997-இல் 3,934 பேர், 2012-இல் 32,837 பேர். பதினைந்து ஆண்டுகளில் குழந்தைகளின் வாய் மாறிவிடவில்லை, பார்க்கிற கண் மாறியது. பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் நாக்கடிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பிரேசில் 2014-இல் சட்டமே போட்டது. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமே அதை எதிர்த்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, முதலில் பாலூட்டுவதைக் கூட இருந்து பார்த்துத் திருத்துங்கள், மற்ற காரணங்களைத் தேடுங்கள், அதற்குப் பிறகு வெட்டைப் பற்றி யோசியுங்கள் என்கிறது.

மேலுதட்டு ஒட்டு பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மடிப்பு ஈறில் தாழ்ந்துதான் ஒட்டியிருக்கும். தாடை வளர வளர அது மேலேறிவிடும். முன்பல் இடைவெளியும் பலருக்குக் கோரைப்பல் முளைக்கும்போது மூடிக்கொள்ளும். பால்குடிப் பிள்ளைக்கு லேசர் வைத்து அதை அறுப்பதற்கு உருப்படியான சான்று கிடையாது. காசும் காயமும்தான் மிச்சம்.

நம் ஊர்ப்பக்கம் வருவோம். பிள்ளை மார்பை உதறுகிறது என்றால் நாக்கைத் தவிர இங்கே வேறு எத்தனையோ காரணங்கள் உண்டு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவம் சிசேரியன் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. வயிற்றில் தையலோடு எழுந்து உட்கார முடியாத தாய், முதல் நாளில் பிள்ளையைச் சரியாக அணைத்துப் பிடிப்பதே சிரமம். அந்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் பிள்ளையின் பசியைக் கெடுக்கின்றன. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் தசைகளை முடக்கும் பாட்டுலிசம் என்ற நஞ்சேற்றம் வரக்கூடும் என்பது தனிப் பயம். சில வாரங்களில் பாட்டில் வந்துவிடுகிறது. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற பெண்ணுக்குக் கூலி, செய்த எண்ணிக்கைக்குத்தான். காலையில் வேனேறினால் சாயங்காலம்தான் வீடு. சட்டத்தில் 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும், பதினைந்து மாதம் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளையும் உண்டு. வெடிமருந்து புழங்கும் வளாகத்துக்குள் குழந்தையைக் கொண்டுவரவே கூடாது என்பதும் நியாயமான விதி. அப்படியானால் காப்பகம் ஆலைக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில் இருந்தாக வேண்டும். அது இல்லாத இடத்தில் பகலெல்லாம் அம்மாச்சி கையில் பாட்டில், ராத்திரி மட்டும் மார்பு. தானாக ஒழுகும் ரப்பருக்குப் பழகிய வாய், உழைத்துக் குடிக்க வேண்டிய மார்பில் முரண்டு பிடிக்கும். அந்தப் பிள்ளையின் நாக்கை எத்தனை முறை வெட்டினாலும் பகல் முழுக்கத் தாய் இல்லாத குறை தீராது.

ஆகவே கிராம சுகாதாரச் செவிலியரோ மருத்துவரோ முதலில் ஒரு முழுப் பாலூட்டலை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தாய் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். வாய் அகலத் திறக்கிறதா, தாடை மார்பில் பதிகிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா, ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியதா? இவை சரியாக இருந்து தாய்க்கு வலியும் இல்லையென்றால் நாக்கு எப்படி இருந்தாலும் விட்டுவிடலாம். பிடிக்கும் முறையைத் திருத்தியும் வலி குறையாமல், எடையும் ஏறாமல், நாக்கு நீளாமலும் இருந்தால் வெட்டைத் தள்ளிப்போடவும் கூடாது. வெட்டுவதற்கு முன், பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் ரத்தம் நிற்காத நோய் உண்டா என்று கேட்பது மருத்துவர் கடமை. மடிப்பின் இருபக்கமும் எச்சில் சுரப்பிகளின் வாய் இருப்பதால் பழகிய கை வேண்டும்.

பேச்சு விஷயத்தில்தான் எனக்கு மனம் பதைக்கிறது. வார்த்தை பிறப்பது காதிலும் மூளையிலும். நாக்கு ஒட்டியிருந்தால் பிள்ளை பேசத் தொடங்குவதே தாமதமாகும் என்பதற்குச் சான்றில்லை. பேசுகிற பிள்ளையின் சில ஒலிகள் மழுங்கலாம், அவ்வளவே. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை. பிறவிக் காதுகேளாமைக்கு அது தெரிந்த காரணங்களில் ஒன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேளாத பிள்ளைக்குப் பொருத்தும் காக்ளியர் கருவி ஆறு வயதுக்குள்தான் கிடைக்கும். அதிலும் முதல் மூன்று வயதுக்குள் வைத்தால்தான் முழுப் பலன். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமலிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்ற கதை நம் தென்மாவட்டத்துக்குச் சொந்தம். பக்தியாக அதைப் போற்றலாம். பேசாத பிள்ளையை ஐந்து வயது வரை வைத்துக்கொண்டு காத்திருக்க அதை ஆறுதலாகச் சொல்லக் கூடாது. நாக்கை வெட்டிவிட்டு "இனிமே வந்துரும்" என்று காத்திருப்பதும் அதே தவறுதான், செலவு மட்டும் கூடுதல்.

ஒலி மழுங்கும் பிள்ளை வேறு ரகம். இங்கே தமிழுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு நுனி மேலெழுந்து பின்னோக்கி வளைந்து பிறப்பவை. நுனிநா அண்ணத்தை வருடி ரகரமும் ழகரமும் பிறப்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலிலேயே பிரித்துக் காட்டியிருக்கிறது. அதனால் ஆங்கிலச் சொற்களை வைத்து வெளிநாட்டார் செய்த சோதனையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வண்டி, மணி, பள்ளி, ராட்டினம் என்று சொல்லச் சொல்லிப் பார்க்க வேண்டும். கூடவே ஊர்ப்பேச்சும் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கம் பெரியவர்களே மழையை 'மள' என்றும் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றும்தான் சொல்கிறோம். அதையே பிள்ளையும் சொன்னால் அது வீட்டில் கேட்ட தமிழ். ராஜாவை 'லாஜா' என்னும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் அவசரமில்லை, ரகரம் திருந்த நாலைந்து வயதாகலாம்.

ஐந்து வயதுக்கு மேலும் ட, ண, ல, ர எல்லாம் குழம்பி, மேலுதட்டில் ஒட்டிய தயிரை நாக்கு நுனியால் எட்டித் துடைக்க முடியாத பிள்ளை இருந்தால், அவனுக்கு வெட்டு பயன்படலாம். அப்படிப்பட்டவனை விருதுநகர் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அழைத்துப்போக வேண்டும். அங்கே பேச்சுப் பயிற்சியாளர் முதலில் சோதிக்க வேண்டும், காதையும் சோதிக்க வேண்டும். வெட்டிய பிறகும் ஐந்து வருடம் பழகிய நாக்கு பழைய இடத்துக்கே போகும். புது இடத்துக்கு அதைப் பழக்க வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பிள்ளையை யார் கூட்டிப்போவது, அன்றைய கூலி போனால் யார் ஈடு செய்வது என்பதையும் மருத்துவர் அந்தத் தாயிடம் வெட்டுக்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும்.