இருமொழி தெரிந்தவள் தேவை

அமெரிக்காவில் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் வகுப்புகள் நடக்கின்றன. அவற்றுக்கு இருமொழி தெரிந்த பயிற்றுநர்களைக் கேட்டு ஆண்டுதோறும் விளம்பரங்கள் வரும். அவற்றில் பத்துப் பன்னிரண்டை ஒருசேரப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்னிடம் முதுகலைத் தமிழ் படித்து, இப்போது நியூ ஜெர்சியில் வசிக்கும் பெண் ஒருத்தி அனுப்பியவை. அவளுக்கு அவற்றால் பயனில்லை. அங்கே இருமொழி என்றால் பெரும்பாலும் ஸ்பானியமும் ஆங்கிலமும். அவளுடைய தமிழ் கணக்கில் வராது. எனக்குப் பயன்பட்டன. திறனாய்வு சொல்லித்தருகிறவளுக்கு விளம்பரமும் ஒரு பனுவல்தான்.

ஆறேழு வார வேலை. மணிக்கணக்கில் கூலி. பொறுமை வேண்டும், பரிவு வேண்டும், பெற்றோரிடம் இதமாகப் பேசத் தெரிய வேண்டும். இரண்டாவது மொழியைச் சிலர் கட்டாயம் என்கிறார்கள், சிலர் விரும்பத்தக்கது என்கிறார்கள். அதற்கென்று தனிக்கூலி நான் பார்த்த எதிலும் இல்லை. ஆணா பெண்ணா என்றும் எங்கும் குறிப்பிடவில்லை. ஆனால் கேட்கப்படும் பண்புகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு அக்காவோ சித்தியோதான் எழுந்து வருகிறாள். இந்த வேலையை அவள் எங்கே, எந்த வயதில் பழகினாள்? விளம்பரத்துக்கு அது தேவையில்லை. அங்கத்திய பெண்களின் எழுத்து அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

'இருமொழி' என்ற சொல்லைப் பற்றி முதலில் கொஞ்சம். நமக்கு அது 1968 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை, இந்தி கூடாது என்ற முடிவை, நினைவூட்டும். அதே 1968 ஜனவரியில்தான் அமெரிக்காவில் இருமொழிக் கல்விச் சட்டம் கையெழுத்தானது. நோக்கம் வேறு. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு வந்து சேரும்வரை அவர்களுடைய மொழியையும் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே அங்கே பெரும்பாலும் நடந்தது. அதுவும் நிலைக்கவில்லை. கலிபோர்னியா 1998இல் வாக்கெடுப்பு நடத்தி இருமொழி வகுப்புகளை ஏறக்குறைய ஒழித்தது. 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அந்த முடிவை மாற்றிக்கொண்டது. கூட்டரசின் கல்விச் சட்டம் 2002இல் புதுப்பிக்கப்பட்டபோது அந்த இருமொழிச் சட்டமே போய்விட்டது. இன்று பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயர் 'ஆங்கிலம் கற்போர்'. இரண்டு மொழியில் வாழும் ஒருத்தியை அவளிடம் இன்னும் இல்லாததைக் கொண்டு அழைக்கும் பெயர் அது.

அந்தப் பெயருக்கு உரியவள் எப்படி இருப்பாள் என்று தெரிய எஸ்மெரால்டா சாண்டியாகோவைப் படிக்க வேண்டும். 'வென் ஐ வாஸ் போர்ட்டோ ரிக்கன்' 1993இல் வெளியான தன்வரலாறு. 1961இல், பதின்மூன்று வயதில், தாயோடு புரூக்ளினுக்கு வருகிறாள் மூத்த மகள். பள்ளித் தலைமையாசிரியர் அவளை ஒரு வகுப்பு கீழே போடப் பார்க்கிறார். இலக்கணமே இல்லாத ஆங்கிலத்தில் அவரோடு பேரம் பேசி எட்டாம் வகுப்பில் இடம் வாங்குகிறாள். இந்தக் காட்சியைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். விடாமுயற்சிக் கதையாகச் சொல்ல வசதியானது. எனக்கு அதைவிட முக்கியம், அரசு உதவித்தொகை அலுவலகக் காட்சி. மார்க்கச்சை தைக்கும் தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை போகும்போது அந்த அலுவலகத்தில் மகள்தான் வாய். அவள் பேசுவதைப் பார்த்து வரிசையில் நிற்கும் மற்றப் பெண்களும் கூப்பிடுகிறார்கள். போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்குக் குடியுரிமை உண்டு என்பதால் வேறு நாட்டுப் பெண்களும் தங்களை அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள். பொய் என்று அவளுக்குத் தெரியும். சொன்னதைச் சொன்னபடி பெயர்ப்பதா, அதிகாரியிடம் உண்மையைச் சொல்வதா? அனுபவமுள்ள நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரே தடுமாறும் அறச்சிக்கல், சம்பளமும் பயிற்சியும் இல்லாத ஒரு சிறுமியின் தலையில். ஒரு கிழவி அவள் கைகளைப் பிடித்து முத்தமிடுகிறாள். அவளுக்குக் கிடைத்த கூலி அதுதான்.

மாக்சின் ஹாங் கிங்ஸ்டன் அந்த முத்தத்தையும் தருவதில்லை. அதனாலேயே 'தி உமன் வாரியர்' (1976) எனக்கு இன்னும் கூர்மையாகப் படுகிறது. மருந்துக்கடைப் பையன் யாருக்கோ உரிய மருந்தைத் தவறுதலாக இவர்கள் சலவைக்கடையில் கொடுத்துவிட்டுப் போகிறான். வீட்டுக்கு நோய் வந்துவிடும், தோஷம் கழிய அவர்களே இனிப்பு தர வேண்டும் என்று தாய் மகளை அனுப்புகிறாள். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது? தோஷத்துக்குப் பரிகாரம் என்ற எண்ணமே இல்லாத கடையில், இனிப்பு கேட்கச் சொன்னார்கள் என்பது மட்டும் போய்ச் சேருகிறது. பிச்சை கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கடைக்காரர் ஒவ்வொரு பண்டிகையிலும் மீந்ததை அள்ளித் தருகிறார். தாய்க்கு வெற்றி, மகளுக்கு நாக்கு கூசுகிறது. இதைப் பண்பாட்டு மோதல் என்று வகுப்பில் சொல்லிவிட்டுக் கடப்பது எளிது. நடந்தது என்னவோ பணியிடத் துயரம். இரண்டு பக்கமும் நம்பும், இரண்டு பக்கமும் குற்றம் சொல்லும் இடத்தில் ஒரு சிறுமி வேலை பார்த்திருக்கிறாள்.

தமிழ் படித்தவர்களுக்கு 'மொழிபெயர் தேயம்' நினைவுக்கு வரும். சங்க அகப்பாடல்களில் பொருள் தேடப் போகும் தலைவன் அந்த வேற்றுமொழி நாட்டைக் கடக்கிறான். தலைவி வீட்டில் இருந்து நாளெண்ணுகிறாள். போன இடத்தில் அவன் எப்படிப் பேசிச் சமாளித்தான் என்பதில் அப்பாடல்களுக்கு அக்கறையில்லை. மேலே சொன்ன நூல்களில் மொழி மாறும் எல்லை மருந்துக்கடைக் கல்லாவில் இருக்கிறது, அலுவலக மேசையில் இருக்கிறது. அதைத் தினமும் கடக்கிறவள் மகள்.

கோடை வகுப்புகளுக்கு மிக நெருக்கமான நூல் ஹெலனா மரியா விராமொண்டெஸின் 'அண்டர் த ஃபீட் ஆஃப் ஜீசஸ்' (1995). அறுவடையைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போகும் பண்ணைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று 1966இலேயே கூட்டரசு ஒரு கல்வித் திட்டம் தொடங்கியது. 3 வயது முதல் 21 வயதுவரை அதில் சேரலாம். டெக்சாஸிலிருந்து மிச்சிகனுக்கு வரும் குடும்பங்களுக்குக் கோடைதான் வேலைக்காலம்; பிள்ளைகள் கைக்கெட்டும் காலமும் அதுதான். பண்ணை வேலைக்கு மட்டும் அந்நாட்டுச் சட்டம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் பெற்றோர் சம்மதத்தோடு அனுமதிக்கிறது. வயலில் நின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு மாலையில் வகுப்பு. நாவலின் எஸ்ட்ரேயா அந்த வயதுக்காரி. ஆசிரியைகள் அவள் நகக்கண் அழுக்கைப் பார்க்கிறார்கள். ஒருத்தி, அம்மா குளிப்பாட்டுவதில்லையா என்று கேட்கிறாள். அவள் எழுத்துப் பழகுவது வீட்டிலிருக்கும் பெரியவரின் கருவிப்பெட்டியில். சுத்தியல், ஆணி, கடப்பாரை என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் பயனும் தெரியவரும்போதுதான் எழுத்தும் பொருள் தருகிறது. பிறகு கிளினிக்கில் நோயாளிப் பையனுக்காக அவள் ஆங்கிலத்தில் மன்றாடுகிறாள். கையில் இருந்த பத்து டாலருக்கும் குறைவான பணத்தை நர்ஸ் வாங்கிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பெட்ரோலுக்குக் காசில்லை. நல்ல ஆங்கிலம்தான், நர்ஸுக்குப் புரிந்ததுதான். காசு திரும்பியது கடப்பாரை மேசையில் இறங்கிய பிறகு. ஆங்கிலம் கற்றுக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற திட்ட அறிக்கைகளுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பை நான் படித்ததில்லை.

இருமொழிக் கல்வியே வேண்டாம் என்று வாதிட்ட ரிச்சர்டு ரோட்ரிகெஸை இங்கே தவிர்க்க முடியாது. 'ஹங்கர் ஆஃப் மெமரி' (1982) அழகான உரைநடை. கன்னியர் மூவர் வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் பேசச் சொன்ன பின் வீடு மௌனமாவதை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். பொதுவாழ்வில் நுழையத் தந்த விலை அது என்கிறார். அப்பா பேச்சடங்கிப்போகிறார், குடும்பத்தின் வெளிக்குரலாக அம்மா ஆகிறார். அந்த அம்மாவின் வேலையை ஒரு வாதமாக அவர் எங்கும் எடுத்துக்கொள்வதில்லை.

கோடைப் பயிற்றுநர் இந்தச் சிறுமிகளின் வளர்ந்த உருவம் என்பது என் வாசிப்பு. விளம்பரம் விலைபேசாமல் கேட்கும் 'திறன்' உதவித்தொகை வரிசையிலும் மருந்துக்கடையிலும் பழகியது. இவளைப் பாலம் என்று புகழ்வது வழக்கம். செர்ரி மொராகாவும் குளோரியா ஆன்சால்டுவாவும் 1981இல் தொகுத்த நூலின் தலைப்பிலேயே அந்தப் பாலம் ஒரு முதுகு. அதன் முகப்பில் உள்ள டோனா கேட் ரஷினின் கவிதை எல்லோருக்கும் நடுவே விளக்கம் சொல்லும் வேலையையே மறுக்கிறது. நம்மூர்ப் பாராட்டுரைகளிலும் பாலங்கள் அதிகம். கொஞ்சம் நிறுத்தலாம்.

மாற்றம் இல்லாமல் இல்லை. கூட்டரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் அவசரம் தவிர மற்ற நேரத்தில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்தது. நல்லது. வீட்டுச் சொந்தக்காரரிடமும் பண்ணைக் கங்காணியிடமும் அந்த விதி செல்லாது. கலிபோர்னியா 2011இல் இருமொழித் தேர்ச்சிக்குச் சான்றிதழ் முத்திரை கொண்டுவந்தது. ஸ்பானியத்தை விருப்பப் பாடமாகப் படித்த மாணவிக்கும், அம்மாவுக்காகப் பத்து வயது முதல் பேசியவளுக்கும் ஒரே முத்திரை. முதலாமவளுக்கு அது கூடுதல் தகுதி. இரண்டாமவள் அதே முத்திரையோடு கோடை வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். அந்த விளம்பரங்களில் வேலை நேரம் பெரும்பாலும் பிற்பகல் மூன்று, மூன்றரையோடு முடிகிறது. பெற்றோருடன் தொலைபேசியில் தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். வயலிலிருந்தும் பொட்டலம் கட்டும் கூடத்திலிருந்தும் தாய்மார்கள் வீடு திரும்புவது அதற்குப் பிறகு.