நாலு பேர், அஞ்சு பக்கம், ஒரு ஏரி

2015 டிசம்பர் 1-ம் தேதி மழையைப் பத்தி பூந்தமல்லிப் பக்கம் யாரையாவது கேட்டுப் பாருங்க. மழையைப் பத்தி ரெண்டு வார்த்தை, அப்புறம் "செம்பரம்பாக்கத்தைத் திறந்து விட்டாங்களே"ன்னுதான் பேச்சு போகும்.

அந்த மழையை ஆராய்ந்த ஒரு கட்டுரையை மறுபடி வாசித்தேன். அமெரிக்க வானிலைக் கழகத்தின் 2016 சிறப்பிதழில் வந்தது. மொத்தம் அஞ்சு பக்கம். எழுதியவர்கள் நாலு பேர்: நெதர்லாந்தின் வான் ஓல்டன்போர்க், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஓட்டோ, ஹௌஸ்டைன், ஐஐடி டெல்லியின் கிருஷ்ணா அச்சுதராவ். புவி வெப்பமாதல் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பைக் கூட்டியதா என்பதே கேள்வி. அப்படி எந்தத் தாக்கமும் தென்படவில்லை என்பது பதில். காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெப்பத்தை ஈடுகட்டியிருக்கலாம்னு காரணமும் சொல்றாங்க.

நேர்மையான கட்டுரை, அதுல சந்தேகமே இல்ல. எல்லாப் பழியையும் பருவநிலை மேல போட ஊரே தயாரா இருந்த நேரத்துல "ஆதாரம் இல்லை"ன்னு எழுதத் தைரியம் வேணும்.

என் குறை கேள்வியில்தான். அன்னைக்குச் செம்பரம்பாக்கத்துல சுமார் 47 சென்டிமீட்டர் மழை. ஏரியிலிருந்து 29,000 கன அடி வெளியே போச்சு. இதை மனிதத் தவறால் வந்த பேரிடர்னு 2018-ல் சட்டமன்றத்தில் வைத்த அறிக்கையில் சொன்னது மத்திய தணிக்கைத் துறை. கணக்குப் பார்க்கிறவங்க ஏரி வரைக்கும் போயிட்டாங்க. பருவநிலை ஆய்வு மேகத்தோட நின்னுடுச்சு. மழைக்கும் மதகுக்கும் நடுவுலதான் நாங்க குடியிருக்கோம்.

இது ஆளைக் குறை சொல்ற விஷயமில்லை. கேள்வியை யார் தேர்ந்தெடுக்கிறாங்க என்பதுதான் பிரச்சினை. ஆப்பிரிக்காவில் இதைப் பல வருஷமா பேசுறாங்க: வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர் தரவை வாங்கிக்கிட்டுப் போவார், உள்ளூர்க்காரர் பெயர் பட்டியலில் நடுவுல எங்கயோ இருக்கும். அதுக்கு மாற்றா நடந்த முயற்சிகளில் ஒன்று 'அசார்' திட்டம். பணம் பிரிட்டனும் கனடாவும் கொடுத்தது. தலைமை கேப் டவுன் பல்கலைக்கழகம். பெங்களூரு ஐஐஎச்எஸ் கூட்டாளி. நம்ம மோயாறு-பவானிப் பகுதியும் ஆய்வுக்களம். வறண்ட பகுதி மக்கள் எப்படிச் சமாளிக்கிறாங்க என்பதிலிருந்து அது தொடங்கியது. பணம் வெளியூர்னாலும் கேள்வி உள்ளூரா இருக்கலாம்.

இங்கயும் அது நடந்திருக்கு. வெள்ளத்துக்குப் பிறகு ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து 2019-ல் 'சி-ஃப்ளோஸ்' என்ற சென்னை வெள்ள முன்னறிவிப்பு முறையை உருவாக்கினாங்க. மழை, ஆறு, ஏரி, கடல் ஓதம் நாலையும் ஒரே கணக்கில் கொண்டுவந்த வேலை. என்னைக் கேட்டா, அந்த அஞ்சு பக்கத்தைவிட இது கடினமான அறிவியல். ஆனா உலகம் மேற்கோள் காட்டுறது அதைத்தான்.

ஒரு மனக்குறை மட்டும் பாக்கி. போன மழைக்காலத்திலயும் என் போனுக்கு வந்தது மாவட்டம் முழுசுக்குமான ஒரு 'ஆரஞ்சு' எச்சரிக்கைதான். எந்த ஏரி, எத்தனை மணிக்குன்னு அதுல ஒரு வரி இல்ல.